அம்மாவிடம் மட்டும் சொன்னது

ஜெயராணி கடலூர் முதுநகரில் பிறந்தவர். பதினெட்டு ஆண்டுகள் வார்டில் நர்சாக நின்று, முழங்கால் வலி தாங்காமல் சிதம்பரத்தில் ஒரு தனியார் நர்சிங் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார். தொழில் நெறிமுறைப் பாடத்தை எடுக்க யாருக்கும் விருப்பமில்லை. அவர் தலையில் கட்டினார்கள். நோயாளியின் ரகசியம் காப்பது பற்றி ஒரு மணி நேரம் குறிப்பு சொல்லி எழுத வைப்பார். மாணவிகள் அப்படியே ஒப்பிப்பார்கள்.

போன வருடம் ஒரு மதியம் இரண்டாமாண்டு இலக்கியா அழுதுகொண்டே வந்து நின்றாள். கடலூரில் எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் இடத்தில் பயிற்சிக்கு இருந்தபோது, வரிசையில் மலர்க்கொடியைப் பார்த்திருக்கிறாள். காடாம்புலியூரில் இலக்கியா வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. முந்திரி உடைக்கப் போகிறவள். இப்போது ஊரே பேசுகிறது. வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள்.

“அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன், மேடம். தங்கச்சி எப்பவும் அவுங்க வூட்லதான் சாப்புடுவா. பயந்துட்டேன்.”

“சேந்து சாப்புட்டா ஒட்டாதுன்னு படிச்சியே?”

“பரீட்சையில எழுதுனேன். அம்மாவப் பாத்ததும் வாயில வந்துடுச்சு.”

ஜெயராணிக்குத் திட்ட வாய் வரவில்லை. முதல்வரிடம் சொன்னார். “வெளிய தெரிஞ்சா அட்மிஷன் போயிடும். விடுங்க” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறிக் காடாம்புலியூர் போனார். மலர்க்கொடி வாசலிலேயே மறித்தாள். முந்திரிக்கொட்டை ஓட்டின் பால் பட்டு விரல்களெல்லாம் கறுத்திருந்தன.

“எங்க நர்சிங் பள்ளிக்கூடத்துப் பொண்ணு செஞ்ச தப்பும்மா. மன்னிப்புக் கேக்க வந்தேன்.”

“நர்சம்மா தேடி வந்தாங்கன்னு தெரிஞ்சா, இதுவரைக்கும் நம்பாதவங்களும் நம்பிடுவாங்க. போயிடுங்கக்கா.”

“மாத்திரைய மட்டும் வுட்டுடாத. விழுப்புரத்துல வாங்கிக்க, நான் ஏற்பாடு பண்றேன்.”

“ரெண்டு மாசமா வாங்கல. விழுப்புரத்துல யாரு வூட்டுப் பொண்ணு நிக்குமோ?”

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஜெயராணி அப்படியே திரும்பி நடந்தார்.

இரண்டு வாரத்தில் மலர்க்கொடியின் வீடு பூட்டிக்கிடந்தது. திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஜெயராணி அங்கே மாத்திரை கொடுக்கும் இடத்துக்குப் போன் செய்தார். அப்படி ஒருத்தி பதிந்திருக்கிறாளா, அது மட்டும் தெரிந்தால் போதும்.

“நீங்க யாரா இருந்தாலும் அதச் சொல்லக்கூடாதுங்க, மேடம்” என்றது ஓர் இளம் குரல்.

“சரிம்மா. சொல்லாத” என்று போனை வைத்துவிட்டு, ஆசிரியர் அறையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதார்.

மலர்க்கொடி உயிரோடு இருக்கிறாளா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.