நாலு ஜோடிச் செருப்பு

எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிவிட்டுத்தான் உள்ளே போவேன். போனதும் தலைகளை எண்ணுவேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். கல்யாண மண்டபத்தில் இது நடக்கிற காரியமில்லை என்று எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். "வந்த எடத்துலயாவது சும்மா இருங்களேன்" என்று முழங்கையால் இடிப்பாள். நான் சும்மா இருப்பதில்லை.

இந்தப் பழக்கம் என் முதலாளி கற்றுக்கொடுத்தது. சாத்தூர்ப் பக்கம் அவர் நடத்திய பட்டாசுக் கம்பெனியில் பதினொரு வருஷம் போர்மேனாக இருந்தேன். அவர் சிவகாசியில் லேபிள் அச்சடிக்கிற குடும்பம். ராசியில்லாத இடம் என்று பூட்டிக் கிடந்த ஒரு ஃபேக்டரியைத் துணிந்து எடுத்தார். ஊரே சிரித்தது. நானும் மனசுக்குள் சிரித்தேன். வேலை வேண்டியிருந்ததால் வெளியே சிரிக்கவில்லை.

முதல் வாரம் அவர் ஆபீஸ் பக்கமே வரவில்லை. மருந்து செலுத்தும் அறைக்குள் போய், பெண்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காகிதக் குழாய்களில் வெடிமருந்தை நிரப்பிக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது புருவமெல்லாம் அலுமினியப் பவுடர் மின்னும். எதற்கு அண்ணாச்சி இந்த வேலை என்று கேட்டேன்.

"நான் உக்காராத எடத்துல இன்னொருத்தர உக்காரச் சொல்ல மாட்டேன் தம்பி" என்றார்.

இப்படிப் பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்தவர் இவர் ஒருத்தர்தான். அன்றைக்கே நான் அவருடைய ஆள் ஆகிவிட்டேன்.

மருந்து அறைக்குள் செருப்புப் போடக் கூடாது. வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் போக வேண்டும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கவும் கூடாது. அதைச் சரிபார்க்க நான் ஒவ்வொரு வாசலிலும் திடீரென்று தலையை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அப்படிப் பொசுக்குன்னு எட்டிப் பாக்காதே. உள்ள இருக்கிற பிள்ளைகளுக்குக் கை பதறும். வாசல்ல செருப்ப எண்ணு. நாலு ஜோடி கெடந்தா நாலு பேரு. அம்புட்டுதான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். வேப்பமரத்தடியில் நின்றபடியே வரிசையாகப் பத்து அறைகளை எண்ணிவிடலாம். தொழில்முனைவோர் கூட்டங்களில் அவர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். கேட்கிறவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

அவருடைய இன்னொரு சொல் 'பாத்துக்கலாம்'. ஒரு வருஷம் சீசன் நேரத்தில், மற்ற கம்பெனிகள் கைவிரித்த ஒரு பெரிய ஆர்டருக்கு இவர் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். ஆள் பத்தாதே அண்ணாச்சி என்றேன். "எல்லாரும் முடியாதுங்கிறப்ப ஒருத்தன் சரின்னு சொல்லணும்லே. அவன்தான் தொழில் பண்றவன். பாத்துக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் நமக்கும் தெம்பாக இருக்கும். பார்த்துக்கொள்ளப் போவது யார் என்று கேட்கத் தோன்றாது.

அது ஆடி மாதம். பேக்கிங் பகுதியில் ஒரு பெண் இருந்தாள். பெயர் தெரியாமலில்லை, எழுதக் கை வரவில்லை. அவள் மகனுக்கு அம்மை போட்டு, பிழைத்ததே பெரிது என்றாகி எழுந்திருந்தான். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, ஆடிக் கடைசி வெள்ளியில் அக்கினிச் சட்டி எடுக்கும்வரை செருப்புப் போடுவதில்லை என்று நடந்துகொண்டிருந்தாள். அந்தப் புதன்கிழமை காலையில் கம்பெனி வேனைவிட்டு இறங்கியவளை நான்தான் சீண்டினேன்.

"என்ன தாயி, தேஞ்சு போயிரும்னு செருப்ப வீட்டுல பூட்டி வச்சிட்டியா?"

"ஒங்களுக்குத் தெரியாதாக்கும்! வெள்ளிக்கிழமை வரைக்குந்தாண்ணே. சனிக்கிழமை புதுச் செருப்புப் போட்டுக்கிட்டு வாரேன், பாருங்க."

ஆகவே எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

பத்து மணிக்குப் பார்த்தால் ஆறாம் நம்பர் அறையில் வேலை பின்தங்கி இருந்தது. மத்தியானம் லோடு கிளம்பியாக வேண்டும். அங்கே ஏற்கெனவே நாலு பேர். பேக்கிங் ஆளை மருந்து அறைக்குள் விடவே கூடாது. இரண்டும் தெரிந்தேதான் அவளைக் கூப்பிட்டு, "ஆறுல போயி ஒரு மணி நேரம் கை குடு தாயி" என்றேன். "செரிண்ணே" என்று போனாள். எனக்கு நானே 'பாத்துக்கலாம்' சொல்லிக்கொண்டு லாரிப் பக்கம் போனேன்.

பதினோரு மணிக்கு மேல் இருக்கும். ஆறாம் நம்பரில் இருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம், வாசல் நிறையப் புகை. நாலு பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடிவந்தார்கள். நான் வாசலைப் பார்த்தேன். நாலு ஜோடிச் செருப்பு. ஓடிவந்தவர்களைப் பார்த்தேன். நாலு பேர். மனசு ஆறிவிட்டது. அதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாதது, அந்த நேரத்தில் என் மனசு ஆறியது.

வேப்பமரத்தடியில் நின்றிருந்த முதலாளி அறையை நோக்கி ஓடினார். நான் பின்னாலேயே பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "நாலு பேரும் வந்தாச்சு அண்ணாச்சி! எல்லாரும் வந்தாச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் நின்றார். கீழே கிடந்த பெண்களில் ஒருத்திக்குப் பேச்சு வரவில்லை, அறையின் பக்கம் கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். தீயைக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். இருபது எண்ணுகிற நேரம் இருந்திருக்கும். அதற்குப் பிறகு அறை வெடித்தது.

நிரப்பி முடித்த சரக்கைப் பின்கதவை ஒட்டி அடுக்கியிருந்தார்கள், அஞ்சாவதாகப் போன பேக்கிங் பெண் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளை நானே அனுப்பியிருந்தும் அந்த நேரத்தில் என் நினைவில் அவள் இல்லவே இல்லை. இதை யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். என் கண் செருப்பை மட்டும் எண்ணியது.

வழக்கு, விசாரணை, சீல் வைத்த கேட், பிறகு திறந்த கேட் எல்லாம் நடந்தன. அஞ்சாவது ஆளை அனுப்பியது நான்தான் என்று விசாரணையில் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். சட்டையைப் பிடித்த விஷயத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். முதலாளி என்னை விடவில்லை. எந்த மேடையில் பேசினாலும் என் கதை வரும். "ஒரு உயிரப் பறிகொடுத்தோம். நானும் போயிருப்பேன். என் சட்டையப் பிடிச்சு நிறுத்துனாரு எங்க போர்மேன். சட்டையே கிழிஞ்சு போச்சு. ரிஸ்க் எடுக்கிறவனுக்கு அப்படிச் சட்டையப் பிடிக்கிற ஆளு ஒருத்தர் வேணும். அதான் லீடர்ஷிப்" என்பார். கைதட்டுவார்கள். அவர் உயிரைக் காப்பாற்றியவன் என்று தீபாவளிக்கு எனக்கு வேட்டி சட்டை வரும். ஒன்றைக்கூட நான் பிரித்ததில்லை.

போன மாதம் விருதுநகரில் ஒரு கல்லூரியில் கூட்டம். முதலாளிகளோடு வேலை பார்த்ததில் துணிச்சலைப் பற்றியும் தலைமை தாங்குவதைப் பற்றியும் என்ன கற்றுக்கொண்டேன் என்று நான் பேச வேண்டுமாம். முதலாளியே காரில் வந்து அழைத்துப்போனார். செருப்போடு நுழைகிற அரங்கம், எண்ண எதுவும் இல்லாமல் நிம்மதியாக இருந்தது. வழக்கம்போல என் கதையைச் சொல்லிவிட்டு மைக்கை என்னிடம் கொடுத்தார். முன்வரிசைப் பிள்ளைகள் பேனாவும் கையுமாக இருந்தார்கள். அவர்கள் இதைக் குறித்துக்கொள்ளப் போகிறார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் இவர் உயிரைக் காப்பாற்றுவதற்காகச் சட்டையைப் பிடிக்கவில்லை" என்றேன். "உள்ளே யாருமில்லை என்று நினைத்துப் பிடித்தேன். செருப்பை எண்ணினேன். அவள் செருப்பில்லாமல் வந்திருந்தாள், எனக்கு அது தெரியும். உள்ளே அனுப்பியதும் நான். போகவிட்டிருந்தால் இவர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். துணிச்சலைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்."

இரண்டு பேர் தெரியாத்தனமாகக் கைதட்டி நிறுத்தினார்கள். நான் இறங்கி வெளியே வந்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

சற்று நேரத்தில் முதலாளி வந்தார். கார்க் கதவைத் திறந்தவர் ஏறாமல் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"பத்து மணிக்கு நான் வந்து எறங்கும்போதே பாத்தேன்லே" என்றார். "வெறுங்காலோட ஆறுக்குள்ள போனா. அஞ்சாவது ஆளுன்னு தெரியும். வெளிய கூப்புடணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. லோடு போகட்டும்னு விட்டுட்டேன்."

திறந்த கதவை மறுபடி சாத்தினார்.

"நாலு பேரும் வந்தாச்சுன்னு நீ கத்துனப்பவும் எனக்குத் தெரியும், அஞ்சுன்னு. உன் பிடி ஒண்ணும் அம்புட்டுக் கெட்டியில்லலே."

நான் அவருடைய காலரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் பிடித்த சட்டை மேடைக்கு மேடை கிழிந்துகொண்டிருந்தது. துணி கிழிந்த சத்தம் கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. கிழிந்திருக்கும் என்று இத்தனை நாளும் அவர் சொல்லித்தான் நம்பியிருந்தேன்.

"சட்ட கிழியலலே" என்றார். "வீட்டுலதான் இருக்கு."