கொண்டலும் ஹம்முவின் கோடும்

கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, ஜன்னலைச் சாத்தி, அடுப்படியில் குஸ்குஸ் வேகவைக்கும் மனைவியிடம் தும்மக்கூடாது என்று எச்சரித்துவிட்டுத்தான் கணக்கர் ஹம்மு மணற்பலகையின் முன் உட்காருவார். பலகையில் மாவாய்ச் சலித்த மணல். விரலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் விடை மட்டுமே மிஞ்சும். அதுவும் ஒரு மூச்சுக்குத் தாங்காது. சப்தாவோ கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற ஊர். கிழக்கேயிருந்து கொண்டல் காற்று கிளம்பினால் தலைப்பாகையே நிற்காது, மணல் எம்மாத்திரம்!

"காத்தப் பாத்தா ஒங்களுக்கு மாமியாரப் பாத்த நடுக்கம்" என்பாள் மனைவி இத்தோ. "எங்கம்மாவாவது போய்ச் சேந்துட்டா. காத்துக்கு ஏது சாவு?"

"மூச்ச அடக்கிப் பேசுடி" என்பார்.

பயந்த மனிதர். ஒன்பது விரல் நகங்களையும் கடித்தே தீர்த்துவிட்டார். வலது கட்டைவிரல் நகத்தில் மட்டும் பல் படாது. அது கோடு கிழிக்க. பங்கை மேலேயும் மொத்தத்தைக் கீழேயும் எழுதுவது எல்லாக் கணக்கரும் செய்வதுதான். மணல் சரிந்து, எது பங்கு, எது மொத்தம் என்று தெரியாமல் போனால்? இவருக்கு மட்டும் அந்தக் கவலை. இரண்டுக்கும் நடுவே நகத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டார்.

"எண்ணுக்கு வேலி கட்டுறீராமே, ஆடு மேஞ்சிருமோ ஓய்?" என்று பள்ளிவாசல் மாணவர்கள் சீண்டுவார்கள். மேய்ந்துவிடும் என்றுதான் அவர் நிஜமாகவே நம்பினார்.

இந்த வாரம் அவரைத் தூதா என்ற பெண்ணின் கிணற்றடிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுடைய அப்பா விட்டுப்போன தோட்டக் கிணறு. அதன் தண்ணீரை இருபத்துநான்கு முறையாகப் பிரித்து இறைப்பார்கள். போன வருடம் வேறொரு கணக்கர் பங்கு போட்டபோது, தீர்ப்புச் சொல்லும் காஜியார் பார்ப்பதற்குள் பலகை மணல் பறந்துவிட்டது. "தங்கச்சிக்கு நாலுன்னுதான் சொன்னாரு" என்று அண்ணன் யக்லஃப் சாதித்துவிட்டான். சொன்ன கணக்கர் கப்பலேறிப் போய்விட்டார். நாலு முறைத் தண்ணீரில் தூதாவின் அவரை கருகியது. இந்தக் கோடையும் நாலுதான் என்றால், தோட்டத்தை அண்ணனிடமே கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியதுதான்.

"வீட்டுலயே போட்டுக் கொண்டாரட்டுமா?" என்று ஹம்மு கெஞ்சிப் பார்த்தார்.

"ரெண்டு பேரு கண்ணு முன்னாலயும் போடணும்" என்றுவிட்டார் காஜியார்.

ஹம்மு பலகையைக் கட்டிப்பிடித்தபடி குந்தினார். அம்மாவுக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. விடை வந்தது. காஜியாரைக் கூப்பிடத் தலையை நிமிர்த்தினார். அந்த நேரம் பார்த்து அடித்தது கொண்டல். பலகை கழுவிக் கவிழ்த்த தட்டாகிவிட்டது.

யக்லஃப் தொடையைத் தட்டிச் சிரித்தான். "போச்சா! இந்த வருசமும் காத்துதான் தீர்ப்பு சொல்லுது, கணக்கரே. பழைய நாலே இருக்கட்டும்."

"என் அவரைக்கொடியப் பாத்துட்டு அப்புறம் சிரி, அண்ணே" என்றாள் தூதா. ஹம்முவின் பக்கம் திரும்பினாள். "நீங்க வாயாலயாவது சொல்லுங்கய்யா."

"வாயால சொன்னதுதான் போன வருசம் பறந்துச்சே, தாயி" என்றார் ஹம்மு.

கிணற்றுச் சுவருக்கு அன்று காலைதான் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள், ஈரம் இன்னும் காயவில்லை. எழுந்து அங்கே போனார். கட்டைவிரல் நகத்தை அழுத்தி ஒரு கோடு இழுத்தார். மேலே ஏழு, கீழே இருபத்துநான்கு. பக்கத்தில் இன்னொரு கோடு, அதன் மேல் பதினாலு. இன்னொன்றின் மேல் மூன்று. மூன்று கோட்டுக்கும் கீழே அதே இருபத்துநான்கு. மூன்றாவது கோட்டில் நகம் பிய்ந்து ரத்தம் கசிந்தது.

காஜியார் மூக்கு சுண்ணாம்பில் உரசக் குனிந்து கூட்டினார். "மூணும் ஏழும் பத்து... பதினாலு சேந்தா இருபத்துநாலு. மேல உள்ளதெல்லாம் சேந்து கீழ உள்ளது ஆயிருச்சு. தூதாவுக்கு ஏழு முறை. யக்லஃப், இது காஞ்சா கல்லுப்பா."

தூதா அப்படியே தரையில் உட்கார்ந்து முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். யக்லஃப் முணுமுணுத்துக்கொண்டே போனான். மற்றவர்களும் கலைந்தார்கள்.

ஹம்மு மட்டும் போகவில்லை. கொண்டல் இன்னும் வீசிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கம் பார்த்தார். சுவரருகே குனிந்து, கன்னம் இரண்டும் உப்ப மூச்சை இழுத்து, அந்த ஏழின் மேல் தன் பலம் கொண்டமட்டும் ஊதினார். ஏழு அசையவில்லை.