சுருளியம்மாளின் அடிக்குறிப்பு

சுருளியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் சொன்னதை வைத்து ஒரு புத்தகத்தில் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் என் வாய்தான், அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நான் முனியசாமி. போடியில் ஒரு கல்லூரியில் அலுவலக உதவியாளர். சுருளி அங்கே கூட்டிப் பெருக்குகிறாள். அதற்கு முன்னால் இருபது வருடம் விடிகாலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி, கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டத்தில் களை எடுத்தவள். புருஷன் சோலைமலைக்கும் அதே தோட்டம்தான். நாலு வருடத்துக்கு முன் ஓர் ஆடி மாதத்து மழையில், நிழல்மரத்தில் ஏறிக் கிளை வெட்டும்போது வழுக்கி விழுந்தான். கொட்டகையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். அரை மணி நேரத்தில் மூச்சு அடங்கிவிட்டது.

போலீசுக்குப் போனால் அறுத்துப் பார்க்காமல் தரமாட்டார்கள், உடல் கைக்கு வர மூன்று நாள் ஆகும், சத்தம் போடாமல் ஊருக்குக் கொண்டுபோ, மற்றதை முதலாளி பார்த்துக்கொள்வார் என்று சூப்பர்வைசர் சொன்னான். மலையிலிருந்து உடலை இப்படி இறக்குவது அங்கே புதிதும் இல்லை. கம்பளியைப் போர்த்தி, ஜீப்பில் இரண்டு பெண்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, ஆளுக்கு என்ன என்று கேட்டார்.

"காச்சலு சார். தூங்குறாரு," என்றாள் சுருளி.

அந்தப் பேச்சு அவளை விடவே இல்லை. இறப்புச் சான்றிதழில் 'வீட்டில் மரணம்' என்று ஏறிவிட்டது. அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை என்று முதலாளி கையை விரித்தார். கூட வந்தவர்கள் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. தேனியில் தொழிலாளர் அதிகாரியிடம் போட்ட நஷ்டஈட்டு மனு இழுத்துக்கொண்டு கிடந்தது. காசைவிட, குடித்துவிட்டு வீட்டில் கிடந்து செத்தான் என்று தெருவில் பேசினார்களே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவன் மலையில்தான் செத்தான் என்று ஒரு காகிதத்திலாவது வரவேண்டும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

போன தை மாதம் கல்லூரியில் மூன்று நாள் தத்துவப் பயிலரங்கு. 'நெறி, தர்க்கம், உண்மை' என்று பேனர் கட்டியதே நான்தான். இரண்டாம் நாள், சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் செழியன், எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொள்கிற பொய்க்கு ஓர் உதாரணம் கேட்டார். யாரும் உருப்படியாகச் சொல்லவில்லை. என் நாக்கில் சனி. டீ கொண்டுவந்த சுருளியைக் காட்டி, இவளைக் கேளுங்கள் சார் என்றேன்.

டம்ளர் தட்டோடு நிற்க வைத்தே கேட்டார்கள். அவளும் சொன்னாள். அப்புறம் ஒன்றரை மணி நேரம் அவர்களே பேசினார்கள். கேட்ட போலீஸ்காரருக்கே உண்மை தெரிந்திருந்தால் அது பொய் ஆகுமா, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றால் அதுவே நெறி ஆகிவிடுமா. தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் உட்காரம்மா என்று ஒருத்தருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கடைசியில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இத எழுதுவீகளா சார்? அவரு பேரு, ஊரு, தேதி எல்லாம் போட்டு?"

"கண்டிப்பா எழுதுறோம்மா. புத்தகமாவே வரும்," என்றார் செழியன்.

ஆவணியில் புத்தகம் வந்தது. சுருளி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அடுத்த திங்கட்கிழமை தேனியில் விசாரணை, அதற்குள் வந்துவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷம். நான் பக்கத்தைப் புரட்டினேன். 'ஒரு மலைத்தோட்டத்தில் அ என்ற பெண்' என்று இருந்தது. சோலைமலை இல்லை, போடிமெட்டு இல்லை. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'இது வாதத்துக்காகப் புனையப்பட்ட கற்பனைச் சூழல்.'

மறைக்க நினைத்தேன். ஆனால் விசாரணையில் அதிகாரி முன்னால் அவள் கேவலப்படக் கூடாது என்று உள்ளபடியே படித்துக் காட்டினேன். அந்தப் பொடி எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"பேரு இல்லாட்டி நான் வாயால சொல்லிக்கிறேண்ணே. அடியில கெடக்குற அந்த வரிய மட்டும் வெட்டி விட்ருங்க."

வெட்டினேன். இழுத்துவிட்டவனே நான்தானே, வேறு என்ன செய்வது? திங்கட்கிழமை துணைக்கும் போனேன். அதிகாரி பொறுமையாகத்தான் படித்தார். பக்கத்தின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, கல்லூரி ஆள் என்பதால் என்னைக் கேட்டார்.

"இங்க என்ன இருந்துச்சு?"

"பக்க நம்பர் சார்," என்றேன். யோசிக்கவே இல்லை.

பேரே இல்லாத கதையைச் சாட்சியாக எடுக்க முடியாது என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். மனுவும் அன்றோடு தள்ளுபடி. திரும்பி வரும் பஸ் பழனிசெட்டிபட்டியைத் தாண்டியது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வெட்டிய அந்தத் துண்டு இன்னும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

"அன்னைக்கு செக்போஸ்ட்டுல எனக்கும் இப்பிடித்தாண்ணே வாயில வந்துருச்சு," என்றாள் சுருளி.