முள் நடுவில் நிற்காத படம்

கல்யாணமான முதல் வருஷம், சிங்கப்பூரில் வேலை பார்த்த என் அண்ணன் புது கேமரா வாங்கியதும் பழையதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். எல்லாவற்றையும் நாமே கையால் வைக்க வேண்டிய பிலிம் கேமரா. லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருகினால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும், குறையும். மேலே இருந்த சக்கரம், அந்த வெளிச்சம் எவ்வளவு நேரம் பிலிமில் படலாம் என்பதற்கு. கண்ணை வைத்துப் பார்த்தால் ஓரத்தில் சின்ன முள் ஒன்று ஆடும். "முள்ளு நடுவுல நின்னா அமுக்கு, அம்புட்டுத்தேன்" என்று மட்டும் சொல்லியிருந்தான்.

அப்போது திருநகரில் குடியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரில் கீழக்குயில்குடிக்குப் போய், தாமரைக் குளத்தங்கரையில், மலை பின்னால் தெரிகிற மாதிரி என் கணவரை நிற்க வைத்தேன். கேமராவைப் பார்த்தாலே அவருக்கு உடம்பு விறைத்துவிடும். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பைப் பேனாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முள்ளை நடுவில் நிறுத்தி நிறுத்தி எடுத்தேன்.

பிரிண்ட் வந்தது. மலை அழகாக இருந்தது, வானம் நல்ல நீலம். அவர் முகத்தில் மட்டும் கண், மூக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நான் கருப்புன்னுதேன் தெரியுமே, எதுக்கு பிலிமை வீணாக்குற?" என்று சிரித்தார். சிரித்தாரே தவிர, படங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். வேறு யாரும் சொல்வதற்குள் அதை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் கேமராவோடு அடுப்படிக்குள் நின்றேன். வெள்ளைச் சுவரைப் பார்த்தால் முள் மேலே ஏறியது. தோசைக்கல்லைப் பார்த்தால் கீழே விழுந்தது. சுவருக்கு முன்னால் தோசைக்கல்லைச் சாய்த்து வைத்தேன். முள் சுவரின் பக்கமே சாய்ந்தது. குளத்தங்கரையில் நடந்தது அப்போதுதான் புரிந்தது. முள் வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறது. நான் யாரைப் படம் எடுக்கிறேன் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

அடுத்த ஞாயிறு அவரைக் கெஞ்சித்தான் கூட்டிப்போனேன். இந்த முறை கேமராவை அவர் மூக்குக்கு நேராகக் கொண்டுபோனேன், முகத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத அளவுக்கு.

"ஏய், ஆளுக பாக்குறாக."

"பாக்கட்டும். ஆடாம நில்லுங்க."

"எம்புட்டு நேரம்?"

அவர் கன்னத்தில் விழுந்த வெளிச்சத்துக்கு வளையத்தைத் திருகி வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். முள் தாவி மேலே ஏறியது. நான் கண்டுகொள்ளவில்லை. மூச்சுப் படும் தூரத்தில் பெண்டாட்டி வந்து நின்ற கூச்சம் போகாமல் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அமுக்கினேன்.

பிரிண்ட் போடும் லேபில் நெகட்டிவைத் தூக்கிப் பார்த்த கடைக்காரர், "சாரைக் கொஞ்சம் வெளுப்பா, கலர் ஏத்திப் போட்டுரவாக்கா?" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார்.

"வேணாண்ணே. உள்ளபடியே போடுங்க."

வீட்டுக்கு வந்து படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் எடுக்கிற மாதிரி உள்ளே போய் நின்றுகொண்டேன். எட்டிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வானத்தைக் காணோமே, வெள்ளையாப் போச்சு?"

"போனாப் போகுது."

"சிரிச்சா நான் எங்கப்பா மாதிரி இருக்கேன்" என்றார். அவருக்கு விவரம் தெரிவதற்கு முன்பே மாமா இறந்துவிட்டார். வீட்டில் மாட்டியிருந்த ஒரே படத்தில்தான் அப்பா முகம் இவருக்குத் தெரியும். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் படத்தைக் கவிழ்க்கவில்லை. சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ரெண்டு நாள் கழித்து அவரே கேட்டார்: "அந்த வளையத்தை எந்தப் பக்கம் திருகணும்? உன்னைய ஒண்ணு எடுக்கணும்."