எண் ஏறியது, முகம் மாறவில்லை

ஆய்வகத்தில் எல்லோரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அழுகிற குழந்தைக்குக்கூட வலி தெரியாமல் ரத்தம் எடுத்துவிடுவாள். உதட்டோரத்திலும் கண்ணைச் சுற்றியும் வெண்புள்ளி படர்ந்த பிறகு, மேனேஜர் அவளை ரத்தம் எடுக்கும் வாசல் நாற்காலியிலிருந்து எழுப்பி, ரத்தக் குழாய்களை இயந்திரத்தில் சுழற்றும் உள்ளறைக்கு அனுப்பினார்.

"வர்றவங்க முகம் சுளிக்கிறாங்கம்மா. சரியானதும் வெளிய வந்து உக்காரு."

நாற்காலி போனதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, அந்த ஆய்வகத்துக்கு ரத்தச் சோதனைக்கு ஆள் அனுப்பும் தோல் டாக்டரம்மா ஓர் ஆய்வு தொடங்கினார். வெண்புள்ளி உள்ளவர்களின் ரத்தத்தில் துத்தநாகம், தாமிரம், செலினியம் எவ்வளவு, செல்களை அரிக்கும் கழிவுகளை அடக்குகிற நொதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கும் ஆய்வு. ஊசியக்கா சும்மா இருப்பாளா? தன் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தாள். துத்தநாகம் கொஞ்சம் குறைவு. இதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டாள். கடையில் மாத்திரை வாங்கி வேளை தவறாமல் விழுங்கினாள். ஒவ்வொரு சோதனையிலும் எண் ஏறியது. கண்ணாடியில் ஒன்றும் மாறவில்லை. குமட்டல்தான் மிச்சம்.

அவள் நீட்டிய தாளைப் பார்த்து டாக்டரம்மா தலையில் கை வைத்தார்.

"அடிப்பாவி! எண்ணுக்கா வைத்தியம் பாத்தே? துத்தநாகம் ஏறினா தாமிரம் இறங்கும். பாரு, இறங்கியிருக்கு. வெண்புள்ளி உள்ளவங்களுக்குத் துத்தநாகம் சில ஆய்வுல குறைவுன்னு வருது, சிலதுல வித்தியாசமே இல்ல. எதனால எதுன்னு எங்களுக்கே இன்னும் தெளிவாத் தெரியல. மொதல்ல மாத்திரைய நிறுத்து."

"அப்ப என்கிட்ட என்னதான் தப்பு, டாக்டர்?"

"தப்பா? தோல்ல நிறம் போயிருக்கு. மருந்து இருக்கு, பொறுமையா பாக்கலாம். அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்'ஐ இறுகப் பிடித்துக்கொண்டு நேராக வாசலுக்கு வந்தாள். காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மேனேஜர் ஓடி வந்தார்.

"சரியாகட்டும்னு சொன்னேன்ல?"

"சரியாத்தான் இருக்கேன் சார். கை நடுங்குதா? நரம்பு தப்புதா? சொல்லுங்க, எழுந்துக்கறேன்."

வரிசையில் முதலில் நின்ற பெரியவர் தயங்கினார். "ஒட்டிக்குமாம்மா?"

"ஒட்டுறதா இருந்தா மொதல்ல எங்க சாருக்குத்தான் ஒட்டியிருக்கணும், ஐயா. என் டிபன் பாக்ஸ்ல பாதி தினம் அவருக்குத்தான்."

வரிசையே சிரித்தது. மேனேஜர் மெல்ல உள்ளே நழுவினார். பெரியவர் சட்டைக் கையை மடக்கினார்.

முகம் சுளிக்கிறவர்கள் இன்றும் வருகிறார்கள். "வேற ஆள் வேணும்னா உள்ள போய்க் கேளுங்க. நான் இங்கதான்" என்பாள்.