சங்கு ஊதினால் செத்துப்போகும் வைஃபை

ஜெர்மனியில் பிளக் பாயிண்டுக்குச் சுவிட்ச் கிடையாது. சுவரில் ஓட்டை மட்டும்தான். மின்சாரம் எந்நேரமும் உள்ளே காத்திருக்கும். வந்த புதிதில் நைனாவிடம் போனில் சொன்னபோது, "சுவிட்ச் இல்லாத ஊட்ல எப்டிடா தூங்குற?" என்றார். நைனா என்றால் அப்பா. ஆவடித் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்க மெஷின் ஓட்டியவர். மாலைச் சங்கு ஊதினால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் கை கழுவுவார். ஓய்வு பெற்ற பிறகும் அதே வழக்கம்.

இந்த முறை அவருடைய கண்புரை ஆபரேஷனுக்காக ஊருக்குப் போயிருந்தேன். விடுப்பு தீர்ந்துவிட்டது. "ஆவடியிலிருந்தே வேலை பாருங்கள். தினசரி மீட்டிங் தவறினால் கிளம்பி வந்துவிட வேண்டும்" என்றார் மேலாளர் யூர்கன். ஆபரேஷன் வெள்ளிக்கிழமை. திங்கள் மாலை மீட்டிங்குக்குச் சற்று முன்பு என் பழைய தடித்த லேப்டாப்பில் வைஃபை செத்தது. செவ்வாயும் அப்படியே. காலையில் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். எங்கள் வீட்டுக்குள் போன் டவரும் எட்டிப் பார்க்காது.

லினக்ஸ்காரன் திமிர் சும்மா இருக்குமா? கட்டளையைத் தட்டினேன். 'ஹார்டு பிளாக்ட்: யெஸ்' என்றது. பூட்டு மென்பொருளில் இல்லை, பெட்டியிலேயே இருக்கிறது என்று அர்த்தம். அதைப் படித்த பிறகும் டிரைவர் மென்பொருளைக் கழற்றி மாட்டினேன், கெர்னலை மாற்றினேன், இணையத்தில் முகம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதையெல்லாம் பயபக்தியோடு படித்தேன். பெட்டியின் விளிம்பைத் தடவிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. படித்த படிப்பு அப்படி.

புதன் காலை யூர்கனின் மெயில் வந்தது: இன்றும் வராவிட்டால் டிக்கெட் எடுக்கவும். மாலை சங்கு ஊதியது. நைனா எழுந்தார். டிவி, ஃபேன், அயர்ன் பாக்ஸ் என்று கலங்கிய கண்ணை நம்பாமல் விரலால் தடவித் தடவி அணைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்தார். லேப்டாப்பின் பக்கவாட்டில் கட்டைவிரலால் எதையோ தள்ளினார். விளிம்பில் இருந்த சின்ன வைஃபை சுவிட்ச்; அதன் விளக்கு அணைந்தது, வைஃபை போயிற்று.

"இன்னா நைனா பண்ற?"

"சங்கு ஊதிச்சில்ல? லைட்டு எரிஞ்சிகினே கீது. காலைல நான்தான் போட்டு உடுறேன், கவலப்படாத."

"மீட்டிங்க உட்டா நான் கெளம்பிப் போவணும். ஆபரேசனுக்கு நான் கூட இருக்கணுமா, வேணாமா?"

நைனா சுவிட்சை மறுபடி தள்ளிவிட்டு, மீட்டிங் முடியும்வரை அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வேறு யாரோ வந்து அணைத்துவிடுவார்களாம்.

மீட்டிங்கில் மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். "வேலை நேரம் முடிந்தால் நிறுத்தச் சொல்கிறாரா? தொழிற்சங்கத் தலைவரா?" என்று மரியாதையாக விசாரித்தார் யூர்கன். "இல்லை, அப்பா" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் கூட இருந்தேன். கண் நன்றாகத் தெளிந்தது. இப்போது மறுபடியும் ஜெர்மனி. ஆவடியில் சங்கு ஊதும் நேரம் இங்கே மதியச் சாப்பாடு முடிந்து மீட்டிங் தொடங்கும். என் கட்டைவிரல் தானாக லேப்டாப்பின் விளிம்புக்குப் போய் அந்தச் சுவிட்சின்மேல் உட்கார்ந்துகொள்கிறது. அணைக்கவா, அணையாமல் காக்கவா என்று எனக்கே தெரியவில்லை.