பாஞ்சாலை அக்கா வாய் திறந்த ரைடு

எங்கள் மலையில் மைக் செட் வைத்திருப்பவன் நான். பெயர் வெற்றிச்செல்வன். காதுகுத்து, கட்சிக் கூட்டம், கபடிப் போட்டி என எது நடந்தாலும் என் குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். அப்படிப்பட்ட எனக்கே கபடித் திடலில் இரண்டாவது இடம்தான். முதலிடம் பாஞ்சாலை அக்காவின் தொண்டைக்கு. சாமைக் கொல்லையில் பரண் மேல் உட்கார்ந்து காட்டுப்பன்றி விரட்டிப் பழகிய தொண்டை அது. அதற்குக் கரண்டும் வேண்டாம், ஆம்ப்ளிஃபயரும் வேண்டாம். அக்கா ஒரு தடவை கூப்பிட்டால் எதிர்ச்சரிவில் மாடு மேய்க்கிறவன் "இன்னாக்கா" என்று கேட்பான்.

அக்கா பிறந்தது அமிர்திப் பக்கம். கட்டிக்கொடுத்தது மேலே எங்கள் ஊர்ச் சின்னராசு அண்ணனுக்கு. கொல்லை வேலை போக மிச்ச நேரத்துக்கு பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு பேரும் டீக்கடை போட்டார்கள். கடைக்கு நேர் எதிரே கபடித் திடல். அண்ணனுக்குக் கபடி என்றால் ஏழு பேர் சேர்ந்து ஒருத்தனை அமுக்குவது, அவ்வளவுதான். அக்கா அப்படியில்லை. போண்டாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தவள், ஒரே வருஷத்தில் ஜல்லிக்கரண்டியும் கையுமாகக் கோட்டோரம் வந்து நின்றுவிட்டாள். போண்டா கருகும். அண்ணன் சத்தம் போடுவார். யார் காதில் விழப்போகிறது?

என் மைக் மேஜைக்குப் பக்கத்து மூலைதான் அக்காவின் இடம். அங்கே வேறு எவனாவது நின்றால் கரண்டியாலேயே நகர்த்துவாள். அவள் அங்கே நிற்பதற்குக் காரணம் இருந்தது. ரைடர் மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு எதிரணிக் கட்டத்துக்குள் போய் ஆளைத் தொட்டுவிட்டுப் பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். உள்ளே போனவன் கண் முன்னால் நிற்பவர்கள் மேல் இருக்கும். அந்த நேரம் பார்த்து மூலையில் நிற்கிற பிடிகாரன் பூனை மாதிரி அவன் பின்னால் சுற்றி வருவான். அது ரைடருக்குத் தெரியாது, அக்காவுக்குத் தெரியும். "முதுகு" என்று ஒரே ஒரு சொல் கத்துவாள். எங்கள் ராஜாக்கண்ணு திரும்பிக்கூடப் பார்க்காமல் எகிறுவான், பாருங்கள், பின்னால் வந்தவன் மண்ணைக் கட்டிக்கொண்டு விழுவான்.

ராஜாக்கண்ணு எங்கள் மலையரசு அணியின் ரைடர். மலையரசுக்கு அவன் வாங்கிக்கொடுத்த கோப்பைகளைச் சொல்ல ஆரம்பித்தால் நான் மைக்கை வைக்கமாட்டேன், விடுங்கள். அதில் பெரியது காணும் பொங்கல் கோப்பை. ஜெயித்த ஊர் ஒரு வருஷம் வைத்துக்கொண்டு அடுத்த பொங்கலுக்குத் திடலுக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் ஊரில் அதை வைப்பது அக்காவின் டீக்கடையில், டீத்தூள் டப்பாக்களுக்கு மேலே இருக்கும் பலகையில். வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்த்துக் குங்குமப் பொட்டு வைப்பாள். கீழேயிருந்து டீ குடிக்க வருகிற டிரைவர்கள் அதை நிமிர்ந்து பார்த்தால்தான் அக்காவுக்கு டீ ஆற்றக் கை வரும்.

அந்த ராஜாக்கண்ணுவை இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கமிட்டிக்காரர்கள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆளுக்கு ஆள். செங்கத்தில் பொன்னி பாய்ஸ் என்று ஒரு அணி. அவர்களுக்குப் பேர் பெற்ற ரைடர் வேண்டும், எங்களுக்கு நல்ல பிடிகாரன் வேண்டும். குணசீலன் என்கிற பையன் செங்கத்திலிருந்து மேலே வந்தான், ராஜாக்கண்ணு கீழே இறங்கினான். முட்டி தேய ஆரம்பித்துவிட்டது, இப்போதே கொடுத்தால்தான் மதிப்பு என்று கமிட்டிக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். ஏதோ மாடு மாற்றுகிற மாதிரி பேசினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கு ஒயரைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஊரில் அன்றிலிருந்து சண்டைதான். "போய்ட்டான் துரோகி" என்று பாதிப் பேர், "அனுப்பிட்டானுங்க பாவிங்க" என்று பாதிப் பேர். காலையில் துரோகி என்றவனே சாயங்காலம் பாவம் என்பான். அக்கா மட்டும் ஒரே பேச்சு. "மாத்தறோம்னு சொன்னப்ப முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? வாய் இருந்துச்சு இல்ல அவனுக்கு?" என்று கேட்டாள். கோப்பைக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, "இனிமே அவனுக்கு இந்த வாய் தொறக்காது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அக்கா சத்தியம் செய்தால் செய்ததுதான்.

கீழே போன ராஜாக்கண்ணு சரியாகவே ஆடவில்லை. ஒவ்வொரு மேட்சிலும் பிடிபட்டான். நவீன்குமார் என்று ஒருத்தன், எங்கள் அணியின் வாட்ஸப் குரூப்பை நடத்துகிறவன், ராஜாக்கண்ணு பிடிபடுகிற வீடியோவையெல்லாம் தேடிப் பிடித்துப் போடுவான். சிரிக்கிற பொம்மை பத்து வைப்பான். ஒரு நாள் கடையில் அக்காவிடம் போனைக் காட்டினான். "நல்லா வேணும்" என்றாள் அக்கா. அப்புறம் போனை வாங்கி அதையே இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். மூன்றாம் தடவையும் பார்த்தாள். போனை அவன் கையிலேயே திணித்தாள். நவீன்குமார் அதற்கப்புறம் அந்தக் கடையில் வீடியோ காட்டுவதில்லை.

இந்தக் காணும் பொங்கலுக்கு இறுதி ஆட்டம் எங்களுக்கும் பொன்னி பாய்ஸுக்கும் என்று ஆனதும் மலையே திரண்டு வந்துவிட்டது. மரத்தின் மேல் ஆள், ஜீப் மேல் ஆள், புளி மூட்டை ஏற்றி நின்ற லாரியின் மேல் ஆள். அக்கா காலையிலேயே கோப்பையைத் தேய்த்து, புடவைத் தலைப்பால் துடைத்து, அவளே தூக்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தாள். "சாயங்காலம் நானே தூக்கிக்கினு போவேன், பாத்துக்க" என்றாள்.

முதல் பாதியில் ராஜாக்கண்ணுவை உட்காரவே வைத்துவிட்டார்கள். பொன்னி பாய்ஸ் மேனேஜர் கிருஷ்ணன் என் மேஜையோரம் வந்து நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டாவது பாதில எறக்கறோங்க. இன்னைக்கும் பாயிண்ட் எடுக்கலன்னா இதோட சரி. வூட்டுக்கு அனுப்பிடலாம்னு இருக்கோம்." அக்கா ஒரு எட்டு தள்ளித்தான் நின்றாள். கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இடைவேளை முடிந்து எங்கள் ஆட்கள் அக்கா நிற்கிற பக்கம் வந்தார்கள். ராஜாக்கண்ணு மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். கூட்டம் ஓவென்று கத்தியது. அது வசவா வாழ்த்தா என்று கேட்டால் கத்தினவனுக்கே தெரியாது. நேராக அக்காவின் மூலைக்கு வந்தான். அங்கே ஒரு நொடி நின்றான். குணசீலன் பின்னால் வந்து இடுப்பைக் கட்டி உட்கார வைத்துவிட்டான். திடல் அதிர்ந்தது. நவீன்குமார் லாரியின் மேல் ஆடினான்.

இரண்டாம் தடவையும் அதே மூலை. அதே மாதிரி ஒரு நொடி நின்றான். அதே குணசீலன். கத்தல் இருந்தது, ஆனால் முன்னைப்போல் இல்லை. மூன்றாம் தடவையும் அப்படியே நடந்தபோது ஒருத்தனும் கத்தவில்லை. மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து நொண்டிக்கொண்டு போனவனைப் பார்த்து நான் மைக்கை மேஜையில் வைத்துவிட்டேன். நம்மவன் ஜெயிக்கிறான், ஆனால் தோற்கிறவனும் நம்மவன். இப்படி ஒரு கஷ்டம் எவனுக்கும் வரக்கூடாது.

அப்போதுதான் செங்கத்திலிருந்து வந்த ஒரு ஆள் கையிலிருந்த கரும்பைக் கடித்துத் துப்பிவிட்டு, "கெழட்டு மாட்டப் புடிச்சி நம்ம தலையில கட்டிட்டானுங்கடா மலையானுங்க" என்றான்.

அக்கா திரும்பினாள். கரண்டி அவன் மூக்குக்கு நேராக நீண்டது. "யாரடா மாடுங்கற?"

"உனுக்கு இன்னாம்மா? அவன் எங்க டீமு."

"உங்க டீமா இருந்தா சோறு போட்டுக் காப்பாத்து. திட்டறதுக்கு நாங்க இருக்கறோம். நாங்க திட்டுவோம், காறித் துப்புவோம். நீ யாருடா நடுவுல?"

அந்த ஆள் கரும்போடு பின்னால் நகர்ந்துவிட்டான். இரண்டு வருஷமாக ராஜாக்கண்ணுவைத் துரோகி என்றவர்கள் நாலு பேர் அக்காவின் பின்னால் கையை முறுக்கிக்கொண்டு நின்றார்கள். அதையும் நான் பார்த்தேன்.

ஆட்டம் கடைசி ரைடுக்கு வந்தது. நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால். செங்கத்துப் பையன்கள் ஒவ்வொருவராக வெளியே போய், உள்ளே மிச்சம் இருந்தது ராஜாக்கண்ணு ஒருத்தன்தான். ஒருவனைத் தொட்டால் சமம். இரண்டு பேரைத் தொட்டால் கோப்பை செங்கத்துக்கு. சும்மா திரும்பினாலோ பிடிபட்டாலோ கோப்பை அக்காவின் பலகையை விட்டு நகராது. மைக் பிடிக்கிறவன் கட்சி கட்டக்கூடாது என்பார்கள். நான் மைக்கில் நடுநிலையாகப் பேசிக்கொண்டு, மேஜைக்கு அடியில் குலசாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தேன்.

"ராஜாக்கண்ணு வருகிறார். கோட்டைத் தாண்டிவிட்டார். வலப்பக்கம் போகிறார், இல்லை, திரும்பிவிட்டார், மறுபடியும் அதே மூலை, அதே மூலை..."

நின்றான், மறுபடியும் அந்த ஒரு நொடி. முன்னால் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் கைகோத்து நெருங்கினார்கள். பின்னால் குணசீலன் குனிந்து இரண்டு எட்டு வைத்துவிட்டான். கோப்பை எங்களுக்கு என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"முதுகு."

என் நாலு குழாயும் சேர்ந்து அவ்வளவு சத்தம் போட்டதில்லை. ராஜாக்கண்ணு எகிறினான். திரும்பிப் பார்க்கவில்லை. குணசீலன் கை அவன் குதிகாலில் பட்டு வழுக்கியது. பறந்த வேகத்தில் இன்னொருவன் தோளில் கை ஊன்றி, நெஞ்சு மண்ணில் மோத விழுந்து, கையை நீட்டினான். விரல் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நடுவர் இரண்டு விரலைத் தூக்கினார். ஆட்டம் முடிந்து நீள விசில்.

செங்கத்துக்காரர்கள் தவிர ஒருத்தரும் அசையவில்லை. மலை மொத்தமும் அக்காவைப் பார்த்தது. அக்கா வாயில் புடவைத் தலைப்பை வைத்து அடைத்துக்கொண்டு நின்றாள்.

குணசீலன்தான் முதலில் வந்தான். முகமெல்லாம் மண். "புடிச்சிட்டேங்கா. கையில வந்துட்டாரு. நீங்க கத்தாம இருந்தா போதும்."

"தெரியும்டா" என்றாள் அக்கா. "தானா வந்துட்சி."

லாரியிலிருந்து குதித்து நவீன்குமார் ஓடிவந்தான். "சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேக்கா, நீ நல்லா இருப்பியா" என்று தலையில் அடித்துக்கொண்டான். அடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "எகிறினான் பாத்தியாடா? பழைய எகிறு. அப்படியே பழைய எகிறு" என்றான். கண் கலங்கியிருந்தது, பல்லும் தெரிந்தது. திடல் முழுக்க அன்றைக்கு அதே முகம்தான். அக்காவைத் திட்டிக்கொண்டே அந்த எகிறலைக் கைகால் ஆட்டி ஒருவருக்கொருவர் ஆடிக் காட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு நான் டீக்கடைக்குப் போனேன். பலகையில் கோப்பை நின்ற இடம் காலியாக இருந்தது. அக்கா அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சின்னராசு அண்ணன்தான் டீ ஆற்றினார். அப்போது ராஜாக்கண்ணு நொண்டிக்கொண்டே வந்து வாசலில் நின்றான்.

"இன்னா, பொட்டோட வாங்கிக்கினு போறியா கப்ப?" என்றாள் அக்கா, திரும்பாமல்.

"அத வண்டியில ஏத்திட்டாங்கக்கா. நான் டீ குடிக்க வந்தேன்."

"லேட்டா எகிறின. முன்னாடில்லாம் நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள மேல இருப்ப. இன்னைக்கி சொல்லி முடிச்சப்புறம்தான் காலையே தூக்கற."

"முட்டி போச்சுக்கா."

"முட்டி போனவன் ஓடணும் இல்ல? ஏண்டா மூணு தடவையும் என் மூலையில வந்து மரமாட்டம் நின்ன?"

ராஜாக்கண்ணு டீ கிளாஸைக் கையில் உருட்டினான். "கீழ யாரும் முதுகு சொல்ல மாட்டாங்கக்கா. ரெண்டு வருஷமா முன்னாடி பாக்கறதா பின்னாடி பாக்கறதான்னு தெரியாமயே ஆடிக்கினு இருக்கறேன். இங்க வந்தா நீங்க இருப்பீங்கன்னு காதக் குடுத்து நின்னேன். மூணு தடவையும் நீங்க வாயத் தொறக்கல."

அக்கா அணைந்துபோன அடுப்பை ஊதினாள். ஊதி ஊதிப் புகை வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகையால் என்றுதான் சொல்வாள்.

"அடுத்து எங்க ஆடற?"

"கலசப்பாக்கம். கிருஷ்ணன் சார் வரச் சொல்லிட்டாரு."

அக்கா என்னைப் பார்த்தாள். "வெற்றி, கலசப்பாக்கத்துக்கு இங்கேர்ந்து காலையில பஸ் கீதா?"

சின்னராசு அண்ணன் டீ ஆற்றுவதை நிறுத்தினார். கபடியே தெரியாத மனுஷன், அவருக்கே ஒன்று தெரிந்திருந்தது. "கலசப்பாக்கத்துக்கு இன்னாத்துக்கு? அதுல நம்ம டீமே ஆடலியே."

"ராஜா ஆடறான் இல்ல" என்றாள் அக்கா.